வாக்கர் என்ற குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி: ஆவணங்கள், செலவு, காலம்

பள்ளியிலிருந்து என் மகள் கொண்டுவந்த தாளில், உன் குடும்பப் பெயருக்கு என்ன பொருள், அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று இரண்டு கேள்விகள் இருந்தன. அவளுக்குத் தந்தை வழியில் வாய்த்த பெயர் வாக்கர். நடப்பவர் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோது, என் மாமனார் குறுக்கிட்டு, அது நடையைப் பற்றிய பெயர் அல்ல, துணியைப் பற்றிய பெயர் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தோடு வளர்ந்த எனக்குக் குடும்பப் பெயர் என்பதே புதிய சரக்கு. ஆகவே விளையாட்டாகத் தொடங்கிய தேடல் இரண்டு ஆண்டுகளையும், தேவையில்லாமல் செலவழித்த ஒரு நல்ல தொகையையும் விழுங்கியது. திருமணத்தாலோ ஆங்கிலோ இந்திய முன்னோர் வழியாலோ ஆங்கிலத் தொழிற்பெயர் ஒன்றைக் குடும்பப் பெயராகக் கொண்டிருக்கும் தமிழ் வீடுகளுக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் நடைமுறைகளும் கட்டணங்களும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரியவை. ஸ்காட்லாந்துக்கு வேறு முறை, அது ஆறாம் படியில் வருகிறது.

1. பெயரின் பொருளை ஒரே மாலையில் முடித்துக்கொள்ளுங்கள்

பொருளைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் மிக எளிதான பகுதி. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வழங்கும் குடும்பப் பெயர்களின் நான்கு தொகுதி அகராதியைப் பல பொது நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்கு இணையம் வழியாகத் திறந்து வைத்திருக்கின்றன. உங்கள் நூலக அட்டையின் எண்ணைக் கொண்டு அதில் நுழைய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

நெய்து இறக்கிய கம்பளித் துணியை நீர்த்தொட்டியில் இட்டு, களிமண்ணோ நாட்பட்ட சிறுநீரோ சேர்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகவும் இழைகள் இறுகவும் காலால் மிதிப்பது ஒரு தனித் தொழிலாக இருந்தது. அதைச் செய்தவர் வடக்கிலும் நடு இங்கிலாந்திலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். தொழில் ஒன்று, பெயர் மூன்று. உங்கள் பெயர் இம்மூன்றில் எது என்பதே முன்னோர் வாழ்ந்த திசையைப் பற்றிய முதல் துப்பு. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு வரையப்பட்ட பெயர்ப் பரவல் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் இந்த மூன்று பெயர்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் நாடே மூன்று வண்ணத் துண்டுகளாகப் பிரிவது தெரியும். ஜானி வாக்கர் விஸ்கியின் சின்னமாக 1908 முதல் கைத்தடியோடு நடந்துகொண்டிருக்கும் மனிதர், அந்தப் பெயரை வைத்து ஆடிய சிலேடைதான். ஸ்காட்லாந்துப் பெயருக்கும் பொருள் துணி மிதிப்பவரே.

இங்கே நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தொழிற்பெயர் என்றவுடன் நம் மனம் குலத்தையும் சாதியையும் தேடுகிறது. ஒரே பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே மரத்துக் கிளைகள் என்று நம்பிவிடுகிறது. துணி மிதித்தவர் ஊருக்கு ஊர் இருந்தார். ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக யாரோ ஒருவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் பிள்ளைகளுக்கும் இறங்கி உறைந்துபோயிற்று. அதன் பிறகு தொழில் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. ஆகவே வாக்கர் குடும்பம் என்று ஒன்று இல்லை, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத வாக்கர் குடும்பங்கள் பல உண்டு. நியூகாசிலில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. சுவரோரச் சதுப்பு நிலம் என்பது அந்த இடப்பெயரின் பொருள், துணிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சுற்றுலா ஊர்க் கடைகளில் குடும்பப் பெயருக்குரிய சின்னம் என்று சட்டமிட்டு விற்பார்கள். இங்கிலாந்தில் அத்தகைய சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு வழங்கப்படுவதில்லை. நான் வாங்கிய ஒன்று பரணில் கிடக்கிறது.

2. வீட்டிலிருந்து பின்னோக்கி நடங்கள்

1379ஆம் ஆண்டு வரிப் பட்டியல் ஒன்றில் ஒரு வாக்கரைக் கண்டுபிடித்து அங்கிருந்து இறங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள். நான் மூன்று மாதம் அதைத்தான் செய்தேன். உயிரோடு இருப்பவரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையையும் ஆவணத்தால் உறுதி செய்துகொண்டு பின்னோக்கிப் போவது ஒன்றே வழி.

வீட்டிலுள்ள மூத்தவரிடம் பேசும்போது பெயர்களை மட்டும் கேட்காமல், பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர், கல்லறை இருக்கும் ஊர், வழிபட்ட ஆலயம், போருக்குப் போனவர் யார் என்றெல்லாம் கேளுங்கள். ஜான் வாக்கர், வில்லியம் வாக்கர் என்ற பெயர்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்; ஆனால் ஒரு குறிப்பிட்ட பாட்டியின் அபூர்வமான பிறந்த வீட்டுப் பெயர்தான் அந்தக் கூட்டத்திலிருந்து உங்கள் ஆளைப் பிரித்துக் காட்டும். எங்கள் தேடலைக் காப்பாற்றியவர்கள் எல்லாரும் பெண்களே.

3. சான்றிதழ்களை யோசித்து வாங்குங்கள்

பணம் கரையும் இடம் இது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்குகிறது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குத் திறந்தால், பிறப்பு, இறப்புப் பட்டியலை இலவசமாகத் தேடலாம். இதே பட்டியலைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த ஃப்ரீ பி.எம்.டி. தளமும் இலவசம், திருமணங்களுக்கு அதுதான் உதவும்.

ஆவணம் மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. தாளில் அச்சிட்ட சான்றிதழ் 12.50 பவுண்டு, பி.டி.எஃப். 8 பவுண்டு, பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளில் பலவற்றுக்கு உடனே திரையில் திறக்கும் படம் 3 பவுண்டு. நான் இதை எழுதும்போதுள்ள கட்டணங்கள் இவை; கேட்பதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். குடும்ப வரலாற்றுக்கு 3 பவுண்டு படமே போதும், ஏனென்றால் மூன்றிலும் இருக்கும் செய்தி ஒன்றுதான். திருமணப் பதிவுக்கு மட்டும் தாள் சான்றிதழைத் தவிர வழியில்லை. அஞ்சலில் வந்து சேர ஓரிரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

2022இல், 3 பவுண்டு வசதி வருவதற்கு முன்பு, ஒன்று 11 பவுண்டு வீதம் ஏழு தாள் சான்றிதழ்களை ஆசையாக வாங்கினேன். அவற்றில் நான்கு வேறு குடும்பத்தாருடையவை. ஏன் தவறினேன் என்பதை விரித்துச் சொல்வது பயன்படும்.

முதலாவது, பட்டியலிலுள்ள காலாண்டு பிறந்த நாளைக் குறிப்பதில்லை, பதிவு செய்த நாளைக் குறிக்கிறது. பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். இரண்டாவது, பட்டியலில் காணும் ஊர் உண்மையில் பதிவு மாவட்டத்தின் பெயர். எங்கள் வாக்கர்கள் வாழ்ந்த வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்டு என்று இருந்தால், சுற்றியுள்ள பல கிராமங்களில் எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது, ஒரே காலாண்டில் ஒரே மாவட்டத்தில் இரண்டு மூன்று ஜான் வாக்கர்கள் பிறந்திருப்பார்கள். இதற்கு மருந்து பொதுப் பதிவாளர் அலுவலகப் பட்டியலிலேயே இருக்கிறது: தாயின் பிறந்த வீட்டுப் பெயரை 1837 முதலே அது காட்டுகிறது. பழைய அச்சுப் பட்டியலிலிருந்து உருவான தளங்களில் 1911க்கு முன் அந்தச் செய்தி இல்லை. நான் அவற்றை மட்டும் பார்த்ததால்தான் பணம் போயிற்று.

தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தால் கவனியுங்கள். பெரும்பாலும் அது மணமாகாத தாயின் குழந்தை. அப்படியானால் குழந்தையின் குடும்பப் பெயர் தாயுடையது. தந்தை வழிப் பெயர் என்று நாம் பெருமையோடு பின்தொடர்ந்து போவது ஒரு தலைமுறையில் சத்தமில்லாமல் தாய் வழிக்கு மாறியிருக்கும்.

திருமணச் சான்றிதழ்தான் விலைக்கு மிகுந்த பயன் தருவது. மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் இருக்கும். தாய்மாரின் பெயர் 2021 மே மாதத்திலிருந்துதான் சேர்க்கப்படுகிறது. வயது என்ற இடத்தில் ‘முழு வயது’ என்று மட்டும் இருந்தால் 21 நிறைந்தவர் என்று பொருள். 22ஆ 60ஆ என்பது தெரியாது. 1875க்கு முன் பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்ட பெற்றோர் உண்டு என்பதால், பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால் கலங்காமல் திருமணத்திலிருந்து மேலே போங்கள்.

பட்டியலில் கிடைக்கும் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் பொதுப் பதிவாளர் அலுவலகத்துக்கே உரியவை. உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் அவற்றைக் கொடுத்தால் அவர்களால் எதையும் எடுக்க முடியாது.

4. கணக்கெடுப்பைச் சந்தா இல்லாமல் பாருங்கள்

1841 முதல் 1921 வரையிலான பத்தாண்டுக் கணக்கெடுப்புகளைத் தனி மனிதர் பெயரோடு பார்க்கலாம். 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போரால் எடுக்கப்படவே இல்லை. இந்த ஓட்டையை, 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட போர்க்காலப் பதிவேடு ஓரளவு அடைக்கிறது. பிறந்த தேதியும் தொழிலும் அதில் உண்டு, பின்னாளில் மணமான பெண்களின் புதிய குடும்பப் பெயரை மேலே எழுதிச் சேர்த்திருப்பதையும் காணலாம்.

1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்ற இரண்டும் இருக்கும். 1841இல் இரண்டும் இல்லை. அதே கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை என்ற குறி மட்டுமே. அதோடு 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 44 வயதுக்காரர் 40 ஆகிவிடுவார்.

பெரிய வம்சாவளித் தளங்களின் சந்தா மலிவானதல்ல. ஆனால் பல பொது நூலகங்களின் கணினிகளில் ஆன்செஸ்ட்ரியோ ஃபைன்ட் மை பாஸ்டோ இலவசமாகக் கிடைக்கும். 1881 கணக்கெடுப்பின் எழுத்துப்படி வீட்டிலிருந்தே ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசம். இரண்டு வார இலவசச் சந்தா என்று ஒரு தளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு, ரத்து செய்ய மறந்து முழு ஆண்டுத் தொகையை இழந்தேன். சேரும் அன்றே நாட்காட்டியில் ரத்து செய்யும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1861 கணக்கெடுப்பில் எங்கள் வாக்கர் ஒருவர் துணி மிதிக்கும் ஆலையில் வேலை செய்ததாகக் கண்டதும், அறுநூறு ஆண்டு குலத்தொழில் தொடர்ந்திருக்கிறது என்று மாமனாருக்கு நடுராத்திரியில் செய்தி அனுப்பினேன். அவருடைய தந்தை சுரங்கத் தொழிலாளி, பாட்டனார் கூலிக்காரர் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. கம்பளி ஆலைகள் நிறைந்த பள்ளத்தாக்கில் யாராயிருந்தாலும் ஆலைக்குத்தான் போயிருப்பார். பெயர் பொருந்தியது தற்செயல்.

5. 1837க்கு முன்: பங்குப் பதிவேடுகள்

தேவாலயப் பங்குகள், அதாவது ஒவ்வோர் ஆலயத்துக்கும் உரிய ஊர் வட்டாரங்கள், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்ற ஆணை 1538இல் பிறந்தது. உங்கள் பங்கின் பதிவேடு அதைவிடப் பல பத்தாண்டுகள் பிந்தித் தொடங்கலாம். 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகல் மறைமாவட்ட ஆயருக்கு அனுப்பப்பட்டது. மூலத்தை எலி தின்றிருந்தாலும் நகல் பிழைத்திருக்கக்கூடும். யார்க் மறைமாவட்டத்தின் நகல்களும், 1858க்கு முந்தைய உயில்களும் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்தில் இருக்கின்றன. மேற்கு யார்க்‌ஷயரின் ஆங்கிலிக்கன் பதிவேடுகள் ஆன்செஸ்ட்ரியில் படமாகவே உள்ளன, நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

காலம் பின்னோக்கிப் போகப்போகச் செய்தி மெலியும் என்பதை மனத்தில் கொண்டு திட்டமிடுங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டதால் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் உண்டு. 1754 முதல் திருமணப் பதிவில் மணமக்கள் கையெழுத்தோ கீறலோ இட்டார்கள். இரண்டு பதிவுகளின் கையெழுத்தை ஒப்பிட்டே ஒரே பெயருள்ள இருவரை நான் பிரித்தேன். அதற்கு முன்பு, ‘ஜான் வாக்கர் மகன் வில்லியம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கிடைக்காத ஆண்டுகளே அதிகம்.

தேதியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. பதிவேட்டில் 1710 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1711. இது தெரியாமல், பெற்றோர் திருமணத்துக்கு ஏழு மாதம் முன்பே பிறந்த பிள்ளை என்று ஒருவரைப் பற்றி வீட்டில் வதந்தி கிளப்பிவிட்டேன். உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும் நிகழ்ந்த 1643 முதல் 1660 வரை பல பதிவேடுகளில் வெற்றுப் பக்கங்களே இருக்கும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு என்பதால் திடீரென்று ஊரில் ஏழைகள் பெருகியிருப்பார்கள்.

யார்க்‌ஷயரில் மெதடிஸ்ட் முதலிய பிற சபையினர் அதிகம். பங்கில் காணாவிட்டால் அவர்களுடைய பதிவேடுகளையும் பாருங்கள். 1837க்கு முந்தையவற்றில் பெரும்பகுதி தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்து, படமாக்கப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டுக் கையெழுத்தும் லத்தீனும் தனிச் சோதனை. தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவச இணையப் பாடங்கள் இரண்டுக்கும் உண்டு. தினம் அரை மணி நேரம் என்று ஆறு வாரம் கொடுத்தால் பெயர்களைப் படிக்கும் அளவுக்குத் தேறலாம். லத்தீன் எழுத்தர்கள் துணி மிதிப்பவரை ‘ஃபுல்லோ’ என்று எழுதினார்கள். அது தொழிலா, பெயரா, வாக்கரா, ஃபுல்லரா என்பதை அந்த ஒரு சொல்லிலிருந்து சொல்ல முடியாது.

6. எல்லை தாண்டிய வாக்கர்கள்

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல் தொடங்குகிறது. ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் முன்பணம் கட்டிப் புள்ளிகள் வாங்க வேண்டும்: 30 புள்ளிகள் 7.50 பவுண்டு, பழைய பதிவின் படம் ஒன்றுக்கு 6 புள்ளிகள், அதாவது 1.50 பவுண்டு. இறப்புப் பதிவிலும் தாய் தந்தை இருவர் பெயரும் இருப்பதால் ஆங்கிலப் பதிவைவிட இது பல மடங்கு உதவும். மேட்டுநிலங்களில், துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள்படும் கேலிக் மொழிப் பெயரைக் கொண்டிருந்த சில குடும்பங்கள் அதை மொழிபெயர்த்து வாக்கர் ஆக்கிக்கொண்டன. அவர்கள் யார்க்‌ஷயர் வாக்கர்களுக்கு உறவினர் அல்லர்.

அமெரிக்கக் கிளையைத் தேடுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே வாக்கர் என்ற பெயருடைய கறுப்பினக் குடும்பங்கள் பல. அடிமை முறையிலிருந்து விடுபட்டவர்களில் சிலர் முன்னாள் உடைமையாளரின் பெயரைக் கொண்டார்கள், சிலர் தாமே ஒரு பெயரைத் தேர்ந்தார்கள். விடுதலை பெற்றவர்கள் எல்லாரையும் பெயரிட்டு எழுதிய முதல் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு 1870இல்தான் நடந்தது. அந்தப் பெயரிலிருந்து துணித்தொட்டிக்குக் கோடு இழுப்பதில் பொருளில்லை.

சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த முன்னோர் இருந்தால், பிரிட்டிஷ் அரசின் இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னைக்குரிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் தனி வரிசையாக உள்ளன. மூலம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். படங்கள் ஃபைன்ட் மை பாஸ்டில். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தேடல் தளம் இலவசம், ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள்.

7. மரபணுச் சோதனை வேண்டுமா

குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குபவை என்பதால், இரண்டு வாக்கர் குடும்பங்களுக்கு உறவு உண்டா என்பதை இந்த வகைச் சோதனை சொல்லும். ஆண் வழியில் வந்த ஆண்தான் மாதிரி தர வேண்டும். என் மகளோ நானோ கொடுத்துப் பயனில்லை. செலவு நூறு டாலரைத் தாண்டும், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். ஐந்தாம் படி வரை முடித்து, ஒரு குறிப்பிட்ட கேள்வி கையில் இருந்தால் ஒழிய இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. எதிர்பாராத தந்தைமை வெளிப்படலாம் என்பதையும் மாதிரி தருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

8. கடைசியாக 1379

இப்போதுதான் இடைக்கால ஆவணங்களுக்கு வர வேண்டும். யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங் என்ற பகுதிக்கு 1379ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியல் பிழைத்திருக்கிறது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். சாதாரணக் குடியானவருக்கு 4 பென்ஸ், கைத்தொழிலாளிக்கு 6 பென்ஸும் அதற்கு மேலும் என்பதால், தொழிலாளிகள் பலருடைய பெயரருகே தொழிலையும் எழுதியிருக்கிறார்கள். பெயரும் தொழிலும் ஒத்துப்போனால் பெயர் அப்போதும் உயிரோடு இருந்தது என்றும், வாக்கர் என்பவர் வேறு தொழில் செய்திருந்தால் அவரளவில் பெயர் உறைந்துவிட்டது என்றும் கொள்ளலாம். அதே பகுதியிலுள்ள வேக்ஃபீல்டில், நிலவுடைமையாளரின் பண்ணை நீதிமன்றம் எழுதிவைத்த சுருள்கள் இன்னும் பழையவை, 1274இல் தொடங்குபவை. மூலம் லீட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, அச்சான தொகுதிகள் பெரிய நூலகங்களில் கிடைக்கும்.

எங்கள் வரிசை ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அருகிலுள்ள ஒரு பங்கில் 1690களோடு நிற்கிறது. அதே பக்கத்து ஊர்களில் 1379இல் வாக்கர்கள் இருக்கிறார்கள்; இடையிலுள்ள முந்நூறு ஆண்டுகளுக்கு என்னிடம் ஒரு தாளும் இல்லை. அந்த இரண்டு முனைகளையும் கட்டிவிடும் ஆசையில்தான் இணையத்தில் காணும் குடும்ப மரங்கள் பலவற்றில் ஆதாரமில்லாத நான்கைந்து தலைமுறைகள் முளைத்திருக்கின்றன, அவற்றிலிருந்து படியெடுக்காதீர்கள்.

மூலச் சுருளை நேரில் பார்க்க விரும்பினால், வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் நாள் கேட்டு, ஆவண எண்ணையும் குறிப்பிடுங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்பதை நுழையும்போதே விசாரியுங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.